முழங்காலில் தூவிய பொடி

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் போய் நின்றாலும் என் கை பட்ட இரும்புக் கேட் ஒன்றாவது கண்ணில் படும். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டித் தொடங்கினேன். இன்றைக்குப் பேட்டையில் என் வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தப் பட்டறை, பதினோரு பேருக்கு வேலை. இன்ஜினியருக்குப் படித்தவர்கள் படம் வரைந்துகொண்டு வந்து, "அண்ணாச்சி, இது நிக்குமா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நிற்கும், நிற்காது என்று பார்த்த கண்ணோடு சொல்லிவிடுவேன்.

அந்தப் பாளையங்கோட்டையில்தான் இப்போது என் மனைவி இருக்கிறாள், எங்கள் மகள் வீட்டில். பேட்டையிலிருந்து டவுன், ஜங்ஷன், ஆற்றுப் பாலம் தாண்டினால் வந்துவிடும். டவுன் பஸ்ஸில் போகிற தூரம். எட்டு மாதமாக அவள் அங்கே, நான் இங்கே.

கல்யாணமான மறுவாரத்திலிருந்து பதினோரு மணிக்கு அவளே பட்டறைக்குள் காப்பி கொண்டுவருவாள். தரையெல்லாம் கம்பித் துண்டும் தகட்டுச் சீவலும் கிடக்கும். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, காப்பித் தூக்கை மறு கையில் ஏந்திக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வருவாள். முழங்கால் தேய்ந்த பிறகு அது நின்றது. அடுக்களை வாசலில் நின்றபடியே தூக்கு மூடியைக் கதவு நிலையில் தட்டுவாள். கிரைண்டிங் மெஷின் ஓடும்போதுகூட அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். இப்போது மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாலும் வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை.

பட்டறை என்றால் காயம்தான். தகடு கீறும், பொறி சுடும், கம்பி குத்தும். நான் வேலை பழகிய இடத்தில் முதலாளி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கறுப்பும் சிவப்புமான ஆன்டிபயாட்டிக் கேப்சூலை இரண்டாகத் திருகி, உள்ளே இருக்கும் பொடியைக் காயத்தின் மேல் தூவிவிடுவார். ஈரம் வற்றி, பொருக்குத் தட்டி, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடலாம். அதைப் பிடித்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பா ஒன்றில் கேப்சூல் பட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். காயத்துக்குப் பொடி, காய்ச்சலுக்கு இரண்டு, தொண்டை வலித்தால் மூன்று. சரியானதும் நிறுத்திவிட வேண்டியது. பழையது கேட்கவில்லை என்று தோன்றினால் மருந்துக் கடைக்காரர் புதிதாக வந்ததைக் கொடுப்பார். ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அக்கம்பக்கத்தார்கூட, "அண்ணாச்சி, ஒரு கேப்சூல் தாங்க" என்று வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இத்தனை பேரைக் குணமாக்கிக் காட்டியவன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

என் மனைவிக்கும் நான்தான் வைத்தியன். எண்ணெய் தெறித்த கை, பித்த வெடிப்பில் பிளந்த குதிகால், முள் தைத்த பெருவிரல். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் என் பக்கத்தில்கூட உட்காராத பொம்பளை, காயம் பட்டால் மட்டும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி என் மடியில் வைப்பாள். நான் கேப்சூலைத் திருகுவேன். "பைய, பைய" என்பாள். பொடி விழுந்ததும் குனிந்து ஊதுவேன். எங்களுக்குள் கொஞ்சிப் பேசும் பழக்கமெல்லாம் கிடையாது. இருந்ததெல்லாம் இதுதான்.

வலது முழங்காலை மாற்றியே ஆக வேண்டும் என்று போன வருஷம் முடிவாயிற்று. எங்கள் கோயிலில் ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அதில் அவளுக்கு வெட்கம். டாக்டரிடம் முதலில் கேட்டதே, "மாத்துன பொறவு முழங்கால் போட முடியுமாய்யா?" என்றுதான். "அது கஷ்டம்மா. ஆனா நல்லா நடப்பீங்க" என்றார் அவர். நடந்தால் போதும் என்று சம்மதித்தாள்.

டாக்டர் எங்கள் மகளைவிட வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் விளக்கினார். கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஒரு ஊசி போடுவார்களாம். மனிதத் தோலில் கிருமி எப்போதும் குடியிருக்கிறது. கத்தியை வேகவைத்துச் சுத்தம் செய்யலாம், தோலை அப்படிச் செய்ய முடியாது. அதனால் தோலை அறுக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக நிற்க வேண்டும் என்றார்.

"ரெட் ஆக்ஸைடு மாதிரி" என்றேன்.

"அது என்ன அண்ணாச்சி?"

"இரும்புக்கு முதல்ல அடிக்கிற பெயிண்ட்டு. துரு ஏறுததுக்கு முன்னால அடிக்கணும். ஏறுன பொறவு அடிச்சா வெளிய சேப்பா அழகா இருக்கும், உள்ள தின்னுக்கிட்டே இருக்கும்."

"இதைவிட நல்லா எனக்கே சொல்ல வராது" என்று சிரித்தார். மகளைத் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அப்பனுக்கும் தெரியும் என்று அவளும் பார்க்கட்டும்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அந்த மருந்தை ஒரு நாளோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. விரல் கீறினாலே நான் மூன்று நாளைக்குக் கொடுப்பேன், இவ்வளவு பெரிய வெட்டுக்கு ஒரே நாளா? கேட்டேன். "அது செய்ய வேண்டிய வேலை முடிஞ்சிருச்சு. மேல மேல கொடுத்தா காயத்துக்கு லாபம் இல்லை; உடம்புல இருக்கிற கிருமிதான் மருந்துக்குப் பழகிக்கும்" என்றார். தலையாட்டினேன். மனதுக்குள், சின்னப் பையன், அனுபவம் போதாது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சில நாளில் கட்டின் கீழ் ஓரத்தில் தோல் சிவந்திருந்தது. அவள்தான் காட்டினாள்.

"டாக்டருக்கு போன் போடுவமா?"

"இதுக்குப் போயா? சும்மா கெட."

"கட்டத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாவல்லா."

"ஏளா, எத்தன காயத்தப் பாத்த கை இது!"

அவள் சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். பட்டறையிலிருந்து வந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தேன். தையலின் கீழ்முனையில் ஒரு சொட்டு நீர். கேப்சூலைத் திருகித் தூவினேன், ஊதினேன், கட்டைப் பழையபடி ஒட்டினேன். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தது. அன்றும் தூவினேன். மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது, காய்கிறது என்றேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாளும் தூவினேன்; அன்று சாயங்காலம் அவளுக்குக் குளிர் எடுத்து, கட்டில் ஆடும்படி நடுங்கினாள். அப்புறம்தான் மகளுக்குப் போன் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாராவது கட்டைப் பிரிச்சீங்களா?" என்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "இல்லய்யா, யாரும் தொடல" என்றாள். அவ்வளவு காய்ச்சலிலும் குரல் நடுங்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காயத்தைத் திறந்து கழுவினார்கள். சீழைப் பரிசோதித்துக் காகிதம் ஒன்று வந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் அவற்றின் எதிரே ஒரே எழுத்துத் திரும்பத் திரும்ப வந்தது. என்ன என்று கேட்டேன். அந்த மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி மசியாது என்று அர்த்தமாம். மூக்குக்குள்ளும் தோலிலும் சாதாரணமாக வாழ்கிற கிருமிதானாம். மருந்தைப் பார்த்துப் பார்த்துப் பழகித் தேறிவிட்டதாம். ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட ஊசிக்கும் அது மசியாத ரகம். மகள் விரலை ஒரு வரியில் வைத்து, "அப்பா, இது உங்க கறுப்பு சேப்பு" என்றாள். அதன் எதிரிலும் அதே எழுத்து.

கழுவியது போதவில்லை. முழங்காலுக்குள் வைத்த உலோகத்தையே எடுத்துவிட்டு, கிருமி போகும்வரைக்கும் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒன்றை மூட்டில் வைத்தார்கள். தினமும் நரம்பில் மருந்து ஏற வேண்டும், நர்ஸ் வந்து போக வேண்டும், படி ஏறக்கூடாது. மகள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம், தரைத்தளம். அங்கே கொண்டுபோனார்கள். நான் கட்டிய வீட்டில் இரண்டு மாடி இருக்கிறது; கீழ்த்தளத்தில் அவள் படுக்க லாயக்கான ஒரு அறை இல்லாமல் போயிற்று.

தினமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்காருவேன். மகளின் ஏற்பாடு அது. டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. கட்டிலில் இருந்தபடியே என் மனைவி, பட்டறையில் யார் வந்தது, யார் நின்றது என்று கேட்பாள். நான் சொல்வேன். போர்வைக்கு வெளியே அவளுடைய இடது பாதம் மட்டும் தெரியும், குதிகால் வெடித்திருக்கும். எண்ணெய் தேய்க்க யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மறுபடி உலோகம் வைக்கிற நாள் நெருங்கியதும் வீட்டில் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் அந்தக் கிருமி இல்லை. என் மனைவிக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. "இது நிறையப் பேருக்கு இருக்கு. குத்தமா நினைக்காதீங்க" என்ற டாக்டர், "வீட்ல அடிக்கடி மாத்திரை எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "இவியதான் பேட்டைக்கே டாக்டரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், ஆபீஸுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாகத் தனியாகப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். இந்த வயதில் ஒரு சின்னப் பையன் முன்னால் நின்று சொல்வதற்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. பட்டறையைப் பற்றி, கேட்டைப் பற்றி என்னென்னவோ பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கட்டப் பிரிச்சது நான்தாங்க" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாள்?"

"நாலு. நாலு நாளும் பொடி போட்டேன். அவ என்னைய விட்டுக்கொடுக்கல."

"அந்த நாலு நாள் முன்னாடியே வந்திருந்தா, உலோகத்தை எடுக்காமலே காப்பாத்த வாய்ப்பு இருந்திருக்கும். கண்டிப்பா முடிஞ்சிருக்கும்னும் சொல்ல மாட்டேன்."

"அந்தக் கிருமி எங்க வீட்டு கிருமியா, இங்கன ஒட்டுனதா?"

"தெரியாது அண்ணாச்சி. உங்க வீட்டுதுன்னு அடிச்சுச் சொல்லவும் எங்கிட்ட ஒண்ணும் இல்லை. இல்லைன்னு சொல்லவும் ஒண்ணும் இல்லை. நீங்க கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, தோல் சிவந்தப்பவே ஆரம்பிச்சும் இருக்கலாம்."

நிற்கும், நிற்காது என்று சட்டென்று சொல்லிப் பழகியவனுக்கு இப்படி ஒரு பதில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டப்பாவில் என்னென்ன பட்டை இருக்கிறதோ அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் மேஜைமேல் கொட்டினேன். ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மகளிடமும் நானாகவே சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். வெளியே வந்து, "அம்மைய இனிமே நான் இங்கனயே வச்சிக்கிடுதேன்ப்பா" என்றாள். சொன்ன விதத்தில் அது யோசனை கேட்பதாக இல்லை.

கட்டிலில் இருந்தவளுக்குத்தான் கோபம், அதுவும் வேறு கோபம். "நான் இல்லன்னு சொன்னேம்லா? எதுக்குப் போயி சொன்னிய? கோயிலுக்குப் போறவ, உங்களுக்காக ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் கெடுத்துட்டியளே."

"ஆபரேசனுக்கு முன்ன தெரிஞ்சா நல்லதுன்னு..."

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "அந்தப் பையன் ஏசுனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏசியிருக்கலாம்" என்றாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்து நாள் இருவரும் மூக்குக்குள் களிம்பு தடவ வேண்டும், கிருமி கொல்லும் மருந்து ஊற்றிக் குளிக்க வேண்டும். தினம் புதுத் துண்டு, புது விரிப்பு. நான் பேட்டையில் தனியாகச் செய்தேன். காலை ஆறு மணிக்கு என்று வைத்துக்கொண்டேன், அவளுக்கும் அதுதான் நேரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு. மூக்கின் இரண்டு பக்கத்தையும் விரலால் அமுக்கிவிடுவேன். இதே பிசுபிசுப்பு, இதே வாடை இந்த நேரம் அவளுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். எட்டு மாதத்தில் அந்த ஐந்து நாள்தான் அவள் பக்கத்தில் இருந்தது போல இருந்தது. ஆறாம் நாளும் குளியலறைக்குள் போய் அந்தக் களிம்புக் குழாயைக் கையில் எடுத்தேன். சொன்னதற்கு மேல் ஒரு வேளைகூட வேண்டாம் என்று மூடி வைத்தேன்.

இந்தத் தடவை வேறு மருந்து. மெல்ல மெல்லச் சொட்டாகத்தான் இறங்க வேண்டுமாம். அதனால் நேரத்தோடே தொடங்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையில் அது இறங்கிக்கொண்டிருந்தது. "பட்டறையப் பூட்டிட்டா வந்திய?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். வேலை நாளில் நான் பட்டறையைப் பூட்டி அவள் பார்த்ததே இல்லை.

கட்டு ஒரு வாரம் காய்ந்தே இருந்தது, இரண்டு வாரம், ஒரு மாதம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்ததை மகள் போனில் படம் பிடித்து அனுப்பினாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒன்பது அடி. பட்டறை நடுவில் நின்று அதைப் பார்ப்பேன், முடிந்ததும் மறுபடி போடுவேன். வேலையாட்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இப்போதெல்லாம் அவர்களுக்குக் காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தத் துணி கட்டி, ஆழமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். "அண்ணாச்சி, பொடி கெடையாதா?" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். "போலே, வேலையப் பாரு" என்பேன். எங்கள் பக்கத்திலேயே இதை முதலில் நிறுத்தியவன் நான்தான், அதையும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமா வீட்டுக்குப் போகலாம்" என்றார். அன்றே தச்சரைக் கூப்பிட்டுக் கீழ்த்தளத்து முன்னறையை அவளுக்கு ஒழுங்கு பண்ணினேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள என் கையாலேயே கம்பி வைத்தேன், வழவழவென்று தேய்த்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போனேன். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கும் கூட்டாளி ஓட்டினான். அவள் காலை நீட்டி உட்கார்ந்து வரப் பின் சீட்டில் மெத்தை விரித்திருந்தோம்.

அவள் வாசலுக்கே நடந்து வந்தாள். கையில் கம்பு ஒன்றுதான். வலது கால் நேராக விழுந்தது. இடது கால்தான் இப்போது வளைந்து, இழுத்து இழுத்து வந்தது. எட்டு மாதமாக நான் கவனிக்காத கால் அது. பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் முழங்காலைப் பார்க்கவில்லை.

"ஏங்க, டாக்டர்ட்ட கேட்டேன். இதையும் மாத்திருவோம்" என்றாள்.

"எப்ப?"

"அடுத்த மாசம். அதுக்கு முன்ன மூக்கப் பாக்கணும், குளிக்கணும், எல்லாம் முதல்லருந்து. அதனால இங்கனயே இருந்துக்கிடுதேன். அங்கயும் இங்கயும் அலைய முடியாதுல்லா."

மகள் வாசல் நிலையில் சாய்ந்து என்னையே பார்த்தாள். முன்னறையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். குளியலறைக் கம்பியைப் பற்றியும். வீட்டில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று சொன்னால் அவள் வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். நான் சொல்லி அவள் மறுத்தது கிடையாது.

"பயமா இல்லையா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசுன்னு எத்தன நாள் நடக்க?"

"அப்ப மாத்திரு" என்றேன். "டாக்டர் சொல்லுத மாதிரி இரு."

அவள் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. கம்பை ஊன்றித் திரும்பி உள்ளே போனாள். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன், அவள் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்கிற வரைக்கும்.

காரில் கூட்டாளி பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். "என்ன வே, மதினி வரலையா?"

"இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு" என்றேன். "மழைக்கு முன்ன வந்துருவா. வண்டிய எடு."

விரித்த மெத்தையோடு கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.